நகலுக்கு இணங்காத மூலம்

அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறித்து ஊற்றியவன் முகத்திலேயே வந்து விழும். பள்ளியில் படித்த வேதியியல் மொத்தத்தையும் மறந்தவர்களுக்குக்கூட இந்த ஒன்று நினைவிருக்கும். ஸ்மராண்டா இருபத்தாறு ஆண்டுகளாக இதைத்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வேலைக்கு நாட்டின் கல்வித்துறையே குறுக்கே வந்து நிற்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

பராகான் சமவெளியில் சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே இருக்கும் போடெனி கிராமத்துக்கு அவள்தான் ஒரே வேதியியல் ஆசிரியை. செப்டம்பரில் திறக்கிற பள்ளிக்கு அரசாங்கப் பாடப்புத்தகம் பிப்ரவரியில் வந்து சேரும். வந்து சேர்ந்தாலும் பாதிப் பேருக்குக் கிடைக்காது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி, நாற்பது சோதனைகள் கொண்ட நூற்றுப் பதினான்கு பக்கப் புத்தகம் ஒன்றைத் தயார் செய்தாள். அதை இணையத்தில் போட்டாள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம், எழுதியவள் பெயரை மட்டும் எடுத்துவிடக் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதினாள். இப்படிப்பட்டதற்குத் திறந்த கல்வி வளம் என்று பெயர் உண்டு என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

புத்தகம் கால் முளைத்து நடந்தது. டிரான்சில்வேனியாவில் ஓர் ஆசிரியர் ஹங்கேரிய மொழி பேசும் பிள்ளைகளுக்காக அதை மொழிபெயர்த்தார். முன்பின் தெரியாத ஒருத்தி படம் வரைந்து கொடுத்தாள். ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் மூன்று பிழைகளைக் கண்டுபிடித்து எழுதினார். அன்று மதியமே ஸ்மராண்டா திருத்திவிட்டாள். மனு இல்லை, முத்திரை இல்லை, கால் மணி நேர வேலை.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒருவன் எழுபதாம் பக்கத்தில் பூசணிவிதை எண்ணெய் விளம்பரம் செருகிச் சுற்றுக்கு விட்டான். இன்னொருவன் அவள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுப் பதவி உயர்வே வாங்கிவிட்டான். அந்த வாரம் முழுக்க ஸ்மராண்டா வீட்டில் பாத்திரங்கள் சத்தமாகத்தான் கழுவப்பட்டன. ஆனாலும் புத்தகத்தை எடுத்துவிடவில்லை. காரணம், கவ்ரில் போன்றவர்கள்.

கவ்ரில், உர்செனி என்ற மலைக்கிராமத்தில் விளையாட்டு ஆசிரியர். அந்த ஊருக்கு வேதியியல் ஆசிரியர் யாரும் போகமாட்டார்கள். அதனால் கால அட்டவணை போட்டவர்கள் வேதியியலையும் கவ்ரில் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு பட்டமும் கழுத்தில் ஒரு விசிலும் இருப்பவர் எதையும் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அவர் வாரம் ஒருமுறை ஸ்மராண்டாவுக்குப் போன் செய்வார். "டீச்சர், உங்க புத்தகம் இல்லன்னா நான் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு மூலக்கூறுக்குப் பதிலா மூணு ரவுண்டு ஓடச் சொல்லியிருப்பேன்" என்பார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒன்றை அரசாங்கம் பார்த்துவிட்டது.

திறந்த கல்வி வளங்களுக்கான தேசிய முகமை என்று ஒன்றைத் தலைநகர் புக்கரெஸ்டில் நிறுவினார்கள். மூன்று மாடி, இருநூற்றுப் பதினான்கு ஊழியர்கள். தலைமை இயக்குநர் டாக்டர் லெயொன்டின் திறப்பு விழாவில் பேசினார்: "இன்றிலிருந்து இந்த நாட்டில் அறிவு எல்லோருக்கும் இலவசம், எவரும் எடுத்துக்கொள்ளலாம், உரிய அனுமதி பெற்ற பிறகு." கைதட்டல் அடங்க நேரமானது. இனிமேல் பள்ளிகள் முகமையின் இணையத்தளத்தில் பதிவான புத்தகங்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது.

ஸ்மராண்டா தன் புத்தகத்தை மின்னஞ்சலில் அனுப்பினாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேரில் போனாள். பதிவுச் சாளரத்தில் திருமதி ஜெனோபியா இருந்தாள். முடியை ஊதா நிறத்தில் சாயமேற்றிய, மனசு கெட்டவள் என்று சொல்ல முடியாத பெண்.

"மெயில்ல அனுப்புனா எப்படி மேடம் முத்திரை குத்துறது? கம்ப்யூட்டர் மேலயா குத்துவேன்?" என்றாள்.

ஆகவே பட்டைக் கோப்பு. உள்ளே தகரப் பட்டை வைத்து, தாள்களில் ஓட்டை போட்டுக் கோர்க்கிற அந்த அட்டைக் கோப்பு இல்லாமல் இந்த நாட்டில் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது. புத்தகத்தை மூன்று பிரதி அச்சிட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நீல மையில் கையெழுத்து. ஸ்மராண்டா முந்நூற்று நாற்பத்திரண்டு முறை கையெழுத்துப் போட்டாள். கடைசி நூறு யாருடைய கையெழுத்து என்று அவளுக்கே சந்தேகம்.

அந்தத் தாள்களை முகமையின் தட்டச்சுப் பிரிவு மறுபடி முதலிலிருந்து கணினியில் அடித்தது. அடித்ததை மொழிநடைப் பிரிவு செப்பனிட்டது. செப்பனிட்டதை அச்சிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் "மூலத்துக்கு இணங்கிய நகல்" என்று வட்ட முத்திரை குத்தி, முத்திரையோடு படம் எடுத்து, அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றினார்கள். ஏழு மாதம் ஆயிற்று. அட்டையில் ஸ்மராண்டாவின் பெயர் சரியாகவே இருந்தது. அவளும் சந்தோஷப்பட்டாள், பாவம்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை கவ்ரில் போன் செய்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். பதினேழாவது சோதனை. பழைய புத்தகத்துல அமிலத்தை மெதுவா தண்ணியில ஊத்துன்னு இருக்கு. முத்திரை போட்ட புதுசுல தண்ணியை மெதுவா அமிலத்துல ஊத்துன்னு இருக்கு. நடுவுல விஞ்ஞானம் ஏதாச்சும் மாறிடுச்சா?"

ஸ்மராண்டா இடைமறித்தாள். "கவ்ரில், தொடாதீங்க. அதைத் தொடவே தொடாதீங்க. எவனோ தப்பா அடிச்சிருக்கான்."

"நான் தொடாம இருந்துருவேன் டீச்சர். வெள்ளிக்கிழமை வருதே, அதுக்கு என்ன செய்ய? உங்களுக்கு இன்னும் வரலையா?"

அவளுக்கு அந்தச் சுற்றறிக்கை மறுநாள் வந்தது. வெள்ளிக்கிழமை, தேசியத் திறந்த கற்றல் நாள். காலை பத்து மணிக்கு நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே நேரத்தில், முகமையின் புத்தகத்திலிருந்து ஒரே சோதனையைச் செய்வார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆய்வாளர்கள் வந்து நின்று, வரி பிசகாமல் செய்யப்பட்டதா என்று பார்ப்பார்கள். நாற்பது சோதனைகளில் பதினேழாவதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில்தான் படம் அழகாக இருந்ததாம்.

புதன்கிழமை அதிகாலை ரயிலைப் பிடித்தாள் ஸ்மராண்டா. பையில் அசல் புத்தகம், மூன்று வேதியியல் அகராதிகள், ஜெனோபியாவுக்கு ஒரு காப்பிப்பொடிப் பொட்டலம். காப்பிப்பொடி இல்லாமல் அலுவலகத்துக்குப் போவது இங்கே மரியாதையில்லை.

வாசலில் காவலாளி மிஹாலாகே எழுந்து நின்று, "கைமுத்தம், மேடம்" என்று அந்த நாட்டு முறைப்படி மரியாதையாக வணக்கம் சொன்னார். அந்தக் கட்டடத்தில் அன்று அவளை மனுஷியாக நடத்தியது அவர் ஒருவர்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காப்பிப்பொடி மேசை இழுப்பறைக்குள் போனது. ஜெனோபியா விஷயத்தைக் கனிவாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"திருத்தம் செய்யணும்னா புத்தகத்தை எழுதினவங்க ஒப்புதல் வேணும் மேடம்."

"எழுதினது நான்தான்."

"நீங்கதான், இல்லைங்கல. ஆனா இது எல்லாருக்கும் சொந்தம்னு முதல் பக்கத்துல நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. எல்லாருக்கும் சொந்தம்னா உங்களுக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்?"

"சரி, எல்லாருக்கும் சொந்தம்னா யார் வேணா திருத்தலாம் இல்லையா? அப்ப நீங்களே திருத்துங்க. ரெண்டு வார்த்தை இடம் மாறினாப் போதும்."

"தாராளமா திருத்தலாம் மேடம். எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவா குடுத்தா."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான்."

இரண்டாம் மாடிக்கு அனுப்பினாள். அங்கே மொழிநடை ஆலோசகர் திரு. பொஸ்தோலாகே இருந்தார். அந்த வரியை மாற்றியது தட்டச்சுப் பிழை அல்ல. அவர்தான், யோசித்து, மாற்றியிருந்தார். அதைப் பெருமையாகவே ஒப்புக்கொண்டார்.

"உங்க நடை நல்லா இருந்தது மேடம், ஆனா அந்த ஒரு இடம் காதுக்கு உறுத்துச்சு. நம்ம ஊர்ல யாராவது தண்ணியில ஒயினை ஊத்துவாங்களா? முதல்ல கிளாஸ்ல ஒயின். அப்புறம் மேல சோடாத் தண்ணி. எங்க தாத்தா அப்படித்தான் குடிச்சாரு, எங்கப்பா அப்படித்தான் குடிச்சாரு. எது கனமான சரக்கோ அது முதல்ல, தண்ணி பின்னாடி. இதுதான் நம்ம மொழியோட இயல்பான ஓட்டம்."

"ஐயா, இது ஒயின் இல்ல. கந்தக அமிலம்."

"நான் மொழியைப் பத்திப் பேசறேன் மேடம். பொருளைப் பத்தி இல்ல."

"தண்ணியை அதுல ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும். பிள்ளைங்க மூஞ்சி வெந்துரும்!"

பொஸ்தோலாகே பேனாவைத் திறந்தார். "அப்படின்னா 'மெதுவா'ங்கற சொல்லுக்கு முன்னாடி 'மிக' போட்டுக்கலாம். அதுக்கு எனக்கு அதிகாரம் உண்டு. ஆனா அடுத்த பதிப்புலதான்."

மூன்றாம் மாடியில் தலைமை இயக்குநர் அவளை உட்காரவைத்து, கனிமநீர் கொடுத்து, பதினோரு நிமிடம் பேசினார். புகார் வந்ததில் அவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. இதுவரை ஒரு புகாரும் வரவில்லை என்பது மக்கள் பயன்படுத்தவில்லையோ என்று மேலிடத்தில் சந்தேகத்தைக் கிளப்பியிருந்ததாம்.

"உங்க புகார் ரொம்பத் தெளிவா இருக்கு மேடம். நகல் ஒண்ணு சொல்லுது, மூலம் ஒண்ணு சொல்லுது. ஆனா நகல் மேல 'மூலத்துக்கு இணங்கியது'ன்னு முத்திரை இருக்கு. முத்திரை பொய் சொல்லாது. முத்திரை பொய்யின்னா நான் யாரு? இந்த நாற்காலி எதுக்கு? ஆகவே ரெண்டுல ஒண்ணு மாறியாகணும். நகல்ல அரசாங்க முத்திரை இருக்கு. மூலத்துல என்ன இருக்கு? உங்க பேரு இருக்கு. அவ்வளவுதானே?"

"என்னை என்ன செய்யச் சொல்றீங்க?"

"மூலத்தைத் திருத்துங்க. ரெண்டு வார்த்தை இடம் மாறினாப் போதும்னு நீங்களே கீழ சொன்னீங்களாமே."

ஸ்மராண்டா எழுந்து நின்றாள். "சார், பிள்ளைங்க கண்ணு போயிரும்."

"கண்ணு சுகாதாரத்துறை மேடம்" என்றார் டாக்டர் லெயொன்டின் மிகவும் வருத்தத்தோடு. "நாங்க கல்வி."

அவள் ரயில் நிலையத்தில் எள்ளு தூவிய வளைய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்கவும் தோன்றாமல் நின்றபோது போனில் செய்தி வந்தது. நகலோடு முரண்படுகிற மூலம் மாணவர்களைக் குழப்பக்கூடும் என்பதால், இணக்கம் ஏற்படும்வரை அவளுடைய இணையப்பக்கம் நிறுத்திவைக்கப்பட்டது. ஏழு மாதம் எடுத்துக்கொண்ட ஆட்கள் இந்த வேலையை நாற்பது நிமிடத்தில் முடித்திருந்தார்கள். இணையத்தில் அவளுடைய சரியான வரி இருந்த இடமும் போயிற்று.

ரயிலில் ஏறி உட்கார்ந்தாள். பூசணிவிதை எண்ணெய்க்காரனை நினைத்தாள். அவனாவது ஒரு விளம்பரத்தைத்தான் செருகினான். யாரும் திருத்தலாம் என்றால் முட்டாளும் திருத்துவான், அது அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் முட்டாள் திருத்தினால் அடுத்தவன் சரிசெய்துவிடலாம். முட்டாளுக்கு ஒரு வட்ட முத்திரையும் கையில் கொடுத்துவிட்டால்?

வியாழக்கிழமை முழுக்க வகுப்புகளுக்கு நடுவே போன் செய்தாள். தெரிந்த பள்ளி, தெரியாத பள்ளி, எல்லாவற்றுக்கும். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் "எழுத்துல குடுங்க மேடம், முத்திரையோட" என்றார்கள். பெரும்பாலானவர்கள் சிரித்தார்கள். "பயப்படாதீங்க மேடம், எங்ககிட்ட அமிலமே இல்ல. மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கோம், இன்னும் அனுப்பலை. வெறும் தண்ணியில தண்ணியை ஊத்திக் காட்டப்போறோம்." நாட்டுப் பிள்ளைகளின் கண்களை அன்று காப்பாற்றி வைத்திருந்தது அரசாங்கத்தின் சோம்பேறித்தனம்தான். அதற்காகவாவது நன்றி சொல்ல வேண்டும்.

போன் செய்த பள்ளிகளில் கவ்ரிலிடம் மட்டும் அமிலம் இருந்தது. பிள்ளைகள் ஒரு தடவையாவது நிஜமாகப் பார்க்கட்டும் என்று சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தார்.

"அமிலம் தீந்துபோச்சுன்னு சொல்லுங்க கவ்ரில். உடைஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க."

"ஆய்வாளர் போன வாரமே வந்து பாட்டிலைப் பார்த்து, பட்டியல்ல ஏத்தி, என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாரு டீச்சர். இந்த மாவட்டத்துலயே நிஜ அமிலம் உள்ள பள்ளி எங்களுதுதானாம். டிவிக்காரங்களைக்கூடக் கூட்டிட்டு வரலாமான்னு கேட்டாரு."

"அப்ப மாத்தி ஊத்துங்க. அவருக்கு என்ன தெரியப்போகுது?"

"பார்க்கலாம் டீச்சர்" என்றார் கவ்ரில். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஸ்மராண்டா, ஆய்வாளர் எட்டிப் பார்க்காத தன் வகுப்பில், தன்னிடம் மிச்சமிருந்த கொஞ்சம் அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றிக் காட்டினாள். பத்தே முக்காலுக்கு உர்செனியிலிருந்து போன் வந்தது.

சனிக்கிழமை மாவட்ட மருத்துவமனையில் கவ்ரிலைப் பார்த்தாள். வலது கை முழங்கைவரை கட்டு. கன்னத்தில் பஞ்சு. கண்கள் இரண்டும் தப்பியிருந்தன. விளையாட்டுச் சாமான் அறையிலிருந்த பனிச்சறுக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தாராம்.

"பிள்ளைங்க?" என்றாள் ஸ்மராண்டா.

"பதினெட்டும் பத்திரம். எல்லாத்தையும் பின்னாடி சுவர் ஓரமா நிக்க வச்சேன். ஆய்வாளர் 'நாற்பத்தோராம் பக்கத்துல மேசையைச் சுத்தி நிக்கணும்னு இருக்கு, கூப்பிடுங்க'ன்னாரு. நான் விசிலடிச்சேன். நம்ம பசங்களுக்கு விசில்தான் புரியும். ஆய்வாளர் கத்துறது புரியாது."

"ஏன் கவ்ரில், மாத்தி ஊத்தியிருக்கலாமே!"

"ஊத்தத்தான் போனேன். அந்தாளு புத்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு வரிவரியா விரலை ஓட்டுறாரு. நான் தண்ணிக் குடுவையை முன்னாடி இழுத்ததும், 'வரி பிசகுது, தள்ளுங்க, பிள்ளைங்களைக் கிட்ட கூப்பிட்டு நானே செஞ்சு காட்டறேன்'னாரு." கவ்ரில் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "அவர் செஞ்சா பிள்ளைங்க மேசையைச் சுத்தி நிப்பாங்க. நான் செஞ்சா நிக்கமாட்டாங்க. அதான் டீச்சர், புத்தகத்துல இருக்கற மாதிரியே நானே ஊத்திட்டேன்."

ஸ்மராண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். துக்கத்தைவிடக் கோபம்தான் அந்த அழுகையில் அதிகம்.

புதன்கிழமை முகமையின் விசாரணைக் குழு அறிக்கை வெளியிட்டது. தேசியத் திறந்த கற்றல் நாள் மகத்தான வெற்றி. அமிலம் இல்லாத பள்ளிகள் அனைத்திலும் சோதனை எந்த அசம்பாவிதமும் இன்றி முடிந்தது. ஒரே ஒரு பள்ளியில் விபத்து. காரணம், அந்தப் பள்ளியில் அமிலம் இருந்தது. சம்பந்தப்பட்ட ஆசிரியர் மாணவர்களை மேசையிலிருந்து அப்புறப்படுத்தி அங்கீகரிக்கப்பட்ட உரையிலிருந்து விலகியதற்காக அவருக்கு எழுத்துமூலம் கண்டனம். காயம் பட்டவர்கள் என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டிருந்தது. சுவரோரம் நின்றதால் ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குப் போன பதினெட்டுப் பிள்ளைகளை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

மறுநாள் ஜெனோபியாவே போன் செய்தாள். நல்ல செய்தி சொல்லும் குரலில் பேசினாள்.

"மேடம், இப்ப அந்த வரியைத் திருத்தலாம். விபத்து நடந்துட்டதால தனிப் படிவம் இருக்கு. காயம்பட்டவர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா எல்லாரும் சேர்ந்து மனு குடுக்கவேண்டிய அவசியம் இல்ல."

ஸ்மராண்டா மருத்துவமனைக்கு ஓடினாள். கவ்ரில் இடது கையால் பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளைபோல் எழுத்து எழுத்தாகப் போட்டுக் கொடுத்தார். அதைப் பட்டைக் கோப்பில் கோர்த்து அவளே ரயிலில் கொண்டுபோனாள். ஜெனோபியா, கவ்ரில் முன்பு கையெழுத்திட்டிருந்த பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"இது அவர் கையெழுத்து மாதிரி இல்லையே மேடம்."

"வலது கை வெந்துபோச்சு. இடது கையால போட்டது."

"எனக்குப் புரியுது மேடம். எனக்கும் பிள்ளைங்க இருக்கு." அவள் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "கை ஆறினதும் வாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. அடுத்த சோதனை அடுத்த வருஷம்தானே? அமிலம்கூட அதுக்குள்ள எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிடுவாங்க, நேத்துதான் ஒப்புதல் ஆச்சு."

ஸ்மராண்டா கோப்பை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கி வந்தாள். வாசலில் முகமையின் பெரிய கண்ணாடிக் கதவு இருந்தது. தேசிய இலச்சினைக்குக் கீழே ஆள் உயரத்துக்கு வெற்றுக் கண்ணாடி. அவள் பையில் ஆய்வகப் பாட்டில்களுக்குப் பெயர் எழுதுகிற சிவப்பு மைப்பேனா இருந்தது, அழியாத மை. மூடியைக் கழற்றி, கரும்பலகையில் எழுதுவதுபோல் பெரிய பெரிய எழுத்தில், கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எழுதினாள்:

அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று. தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே.

எழுதி முடித்துத் திரும்பினாள். காவலாளி மிஹாலாகே பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். உதடு அசைய இரண்டு முறை படித்தார். தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி போனை எடுத்துப் படம் பிடித்தாள்.

"போலீசைக் கூப்பிடுங்க" என்றாள் ஸ்மராண்டா. "நான் இங்கயே நிக்கறேன்."

"எதுக்கு மேடம்?" என்றார் மிஹாலாகே. "கதவுல இருக்கறதை அழிக்கணும்னா எனக்கு எழுத்துல உத்தரவு வரணும். மூணு மாடியும் கையெழுத்துப் போடணும். குறைஞ்சது முப்பது வேலை நாள் ஆகும்." கதவின் அடியில் மிச்சமிருந்த இடத்தை அவர் காலால் சுட்டிக் காட்டினார். "இங்க இன்னும் நாலு வரி பிடிக்கும். வேற ஏதாவது தப்பா போட்டிருக்காங்களா?"